லினக்ஸில் சிடி, டிவிடி எழுதும்போது ‘பர்மிஷன் டினைடு’ வருகிறதா? இந்த வரிசையில் பாருங்கள்

எங்கள் மொட்டைமாடியில் தக்காளிச் செடிகளுக்கு நடுவே மூன்று டிவிடிகள் நூலில் கட்டித் தொங்குகின்றன. புறா வராமல் இருக்க. மூன்றும் ஒரே நாளில் வீணானவை. மனைவியின் ஆய்வேட்டை அச்சுப் பிரதிகளோடு டிஸ்க்கிலும் கேட்டிருந்தார்கள். “பத்து நிமிட வேலை, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லி உட்கார்ந்தவன், ராத்திரி ஒரு மணிக்குத்தான் எழுந்தேன்.

அன்று புரிந்த ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘பர்மிஷன் டினைடு’ என்கிற செய்தி எந்த டிஸ்க்கையும் கெடுக்காது. பெரும்பாலும் லேசர் எரிவதற்கு முன்பே வந்து வேலையை நிறுத்திவிடும். டிஸ்க்கைக் கெடுப்பது, அந்தச் செய்தியை விரட்ட நாம் அவசரத்தில் அடிக்கிற சூடோவும் (நிர்வாகி உரிமையோடு கட்டளையை ஓட்டுவது), சிஎச்மோடும்தான் (கோப்பின் அனுமதியை மாற்றுவது). அதனால் செய்தி வந்ததும் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டு, கீழே உள்ள வரிசையில் போங்கள்.

கட்டளைகளை வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடியுங்கள். பெரிய எழுத்து வரும் இடங்களில் தனியாகச் சொல்கிறேன். நான் பயன்படுத்துவது டெபியன் என்ற லினக்ஸ் வகை. உபுண்டு, மின்ட் வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் இதுவே பொருந்தும்.

0. கையில் என்ன இருக்க வேண்டும், எவ்வளவு ஆகும்

மென்பொருளுக்குச் செலவில்லை. டிஸ்க் எங்கள் ஊர்க் கடையில் உறையோடு 25 ரூபாய், அழித்து எழுதும் ஆர்டபிள்யூ வகை 60 ரூபாய் ஆனது. அந்த 60 ரூபாயைத் தயங்காமல் செலவழியுங்கள். எல்லாப் பரிசோதனையையும் அதிலேயே செய்துகொள்ளலாம். நான் முதலிலேயே அதை வாங்கியிருந்தால் புறாக்களுக்குக் கொண்டாட்டமாக இருந்திருக்கும்.

கணினியில் சூடோ உரிமை உள்ள ஒரு கணக்கும் அதன் கடவுச்சொல்லும் வேண்டும். உங்களிடம் இல்லையென்றால் அது உள்ளவரைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு கட்டளைக்குத்தான் தேவைப்படுவார்.

நேரம்: அனுமதியைச் சரிசெய்யப் பத்து நிமிடம். முழு டிவிடி எழுத, 8 மடங்கு வேகத்தில் ஏறத்தாழ எட்டிலிருந்து பத்து நிமிடம், 4 மடங்கில் பதினைந்து. சரிபார்க்க இன்னொரு பத்து நிமிடம். மறுநாள் காலை கொடுக்க வேண்டும் என்றால் முந்தின நாள் மதியமே தொடங்குங்கள். கடை திறந்திருக்கும் நேரம் என்பதுதான் இதில் முக்கியம்.

1. முதலில், உங்கள் டிரைவுக்கு எழுதத் தெரியுமா?

சிரிக்காதீர்கள். பழைய கணினிகளில் டிவிடியைப் படிக்கும், சிடியை மட்டும் எழுதும் ‘காம்போ’ டிரைவ்கள் இன்னும் இருக்கின்றன. டெர்மினலில் இதை அடியுங்கள்:

கேட் /ப்ராக்/சிஸ்/டெவ்/சிடிரோம்/இன்ஃபோ

ஒரு பட்டியல் வரும். அதில் ‘கேன் ரைட் டிவிடி-ஆர்’ என்ற வரிக்கு நேராக 1 இருந்தால் எழுதும், 0 என்றால் எழுதாது. 0 இருந்தால் அனுமதியை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை, வேறு டிரைவ் தேடுங்கள். மேலே ‘டிரைவ் நேம்’ என்ற வரியில் டிரைவின் பெயரும் இருக்கும். ஒரே டிரைவ் என்றால் பெரும்பாலும் எஸ்ஆர்0. அதைக் குறித்துக்கொள்ளுங்கள், இனி எல்லா இடத்திலும் வரும்.

2. வாசலில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள்

லினக்ஸில் டிரைவும் ஒரு கோப்புதான். அதற்கும் உரிமையாளர், குழு, அனுமதி எல்லாம் உண்டு.

எல்எஸ் -எல் /டெவ்/எஸ்ஆர்0

ஒரே வரிதான் வரும், ஆனால் முக்கால்வாசி விடை அதில் இருக்கிறது. தொடக்கத்தில் பி என்ற எழுத்து, அடுத்து ஆர்டபிள்யூ இரண்டு முறை, பிறகு மூன்று கோடுகள், கடைசியில் சில நேரம் ஒரு கூட்டல் குறி. அதன்பின் ‘ரூட்’, ‘சிடிரோம்’ என்று இரண்டு பெயர்கள். அதாவது ரூட் (கணினியின் தலைமை நிர்வாகிக் கணக்கு) படிக்கலாம், எழுதலாம். சிடிரோம் என்ற குழுவில் இருப்பவர்களும் படிக்கலாம், எழுதலாம். மற்றவர்களுக்கு ஒன்றும் கிடையாது. ஆர்ச் லினக்ஸில் குழுவின் பெயர் மட்டும் ‘ஆப்டிகல்’.

அந்தக் கூட்டல் குறிதான் என்னை இரண்டு மணி நேரம் சுற்றவிட்டது. குழுவில் இல்லாத சிலருக்கும் தனியாக அனுமதிச் சீட்டு கொடுத்திருக்கிறது என்று அதற்குப் பொருள். யாருக்கு என்று பார்க்க:

கெட்ஃபேக்ல் /டெவ்/எஸ்ஆர்0

எழுத்துக்கூட்டினால் ஜிஇடி எஃப்ஏசிஎல், இடைவெளி இல்லாமல். இந்தச் சீட்டைக் கொடுப்பது, கணினியின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் ஒரு பகுதியான லாகின்ட். கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, திரையில் உள்நுழைந்து வேலை செய்துகொண்டிருப்பவருக்கு மட்டும் கொடுக்கும். அவர் வெளியேறினாலும், ‘ஸ்விட்ச் யூசர்’ அழுத்தி இன்னொருவருக்குத் திரையைக் கொடுத்தாலும், சீட்டைப் பிடுங்கிக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். டெஸ்க்டாப் உள்ளறையில் இருக்கிறது. நான் கூடத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்து, எஸ்எஸ்எச் வழியாக (ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும் வழி) டெஸ்க்டாப்பில் மனைவியின் கணக்கில் நுழைந்து கட்டளை கொடுத்தேன். மறுப்பு. அவள் போய் டெஸ்க்டாப்பில் உட்கார்ந்து கே3பி என்ற டிஸ்க் எழுதும் மென்பொருளைத் திறந்தாள். டிரைவ் தெரிந்தது. “உங்களுக்குத்தான் வராது போல” என்றாள். எஸ்எஸ்எச் வழியாக வருபவருக்கு லாகின்ட் சீட்டு தராது, அவ்வளவுதான் விஷயம். கணினி நிறுவும்போது உருவாக்கிய முதல் கணக்கு என்னுடையது, அதை நிறுவியே சிடிரோம் குழுவில் சேர்த்துவிட்டிருந்தது. பின்னால் உருவாக்கிய அவள் கணக்கு அந்தக் குழுவில் இல்லை. டெபியன், உபுண்டு இரண்டிலும் இதே கதை: முதல் பயனருக்குத் தானாகக் கிடைப்பது இரண்டாவது பயனருக்குக் கிடைக்காது.

3. குழுவில் சேருங்கள், அந்த ஏ எழுத்தை விட்டுவிடாமல்

முதலில் இப்போது எந்தக் குழுக்களில் இருக்கிறீர்கள் என்று பார்க்க, ‘ஐடி’ என்று அடியுங்கள். பட்டியலில் சிடிரோம் இல்லையென்றால்:

சூடோ யூசர்மோட் -ஏஜி சிடிரோம் பயனர்பெயர்

இதில் ஏ சிறிய எழுத்து, ஜி பெரிய எழுத்து. கடைசியில் உங்கள் உண்மையான பயனர்பெயர்.

பொறி: ஏ விட்டுப்போய் ஜி மட்டும் அடித்தால், சிடிரோமில் சேர்த்துவிட்டு மற்ற துணைக் குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் உங்களை நீக்கிவிடும். சூடோ குழுவிலிருந்தும். அடுத்த முறை உள்நுழைந்து சூடோ அடிக்கும்போது “உங்களுக்கு அந்த உரிமை இல்லை” என்று கணினி சொல்லும், அதைத் திருத்தவும் சூடோ வேண்டும். ரெக்கவரி மோடில் போய்த்தான் சரிசெய்ய முடியும். எண்டர் தட்டுவதற்கு முன் அந்த ஒரு எழுத்தை விரல் வைத்துப் பாருங்கள்.

இன்னொரு பொறி: சேர்த்தவுடன் வேலை செய்யாது. முழுவதும் வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். டெர்மினல் சன்னலை மூடித் திறந்தால் போதாது. வெளியேற முடியாத நிலையில் ‘நியூகிரூப் சிடிரோம்’ (முதல் சொல்லை எழுத்துக்கூட்டினால் என்இடபிள்யூஜிஆர்பி) என்று அடித்தால் அந்த ஒரு டெர்மினலுக்கு மட்டும் புதிய குழு பொருந்தும்.

உள்நுழைந்ததும் மீண்டும் ‘ஐடி’. சிடிரோம் தெரிகிறதா? சரி, பெரும்பாலானவர்களுக்கு அனுமதிச் சிக்கல் இதோடு முடிந்தது.

4. சிஎச்மோட் 666 அடிக்கக் கை துறுதுறுக்கும், வேண்டாம்

எங்கே தேடினாலும் இந்த ஆலோசனை கிடைக்கும். வேலையும் செய்யும், அடுத்த முறை கணினியை அணைத்துப் போடும்வரை. டெவ் அடைவில் (ஃபோல்டரில்) இருப்பவை வன்தட்டில் கிடக்கும் கோப்புகள் அல்ல. கணினி தொடங்கும்போதும், யூஎஸ்பி டிரைவைச் செருகும்போதும் புதிதாக உருவாக்கப்படுபவை. நீங்கள் மாற்றியது அப்போது போய்விடும். அதோடு அந்தக் கணினியில் கணக்கு வைத்திருக்கும் எல்லோருக்கும் டிரைவைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிறது.

அரிதாக, இரண்டாம் படியில் பார்த்தபோது குழு சிடிரோம் என்று இல்லாமல் ரூட் என்றே வந்திருக்கலாம். அப்படியானால் நிலையான தீர்வு யூடெவ் விதி, அதாவது டெவ் கோப்புகளின் குழுவையும் அனுமதியையும் அமைக்கும் நிரலுக்கு நாம் எழுதிவைக்கும் விதி. /இடிசி/யூடெவ்/ரூல்ஸ்.டி என்ற அடைவில், 99 என்று தொடங்கி ‘.ரூல்ஸ்’ என்று முடியும் ஒரு கோப்பை உருவாக்கி, இந்த ஒரு வரியை எழுதுங்கள்:

கெர்னல்=="எஸ்ஆர்[0-9]*", குரூப்="சிடிரோம்", மோட்="0660"

கெர்னல், குரூப், மோட் மூன்றும் முழுக்கப் பெரிய எழுத்தில். முதலாவதற்கு இரண்டு சமக்குறி, மற்ற இரண்டுக்கும் ஒன்று. அப்புறம் ‘சூடோ யூடெவ்ஆட்ம் கன்ட்ரோல் --ரீலோட்’, அடுத்து ‘சூடோ யூடெவ்ஆட்ம் ட்ரிக்கர்’. யூஎஸ்பி டிரைவ் என்றால் ஒருமுறை பிடுங்கிச் செருகுவதே எளிது.

5. அனுமதி இருந்தும் மறுத்தால்

மென்பொருளை ஸ்னாப் அல்லது ஃபிளாட்பேக் வழியாக நிறுவியிருக்கிறீர்களா? அவை தங்களுக்கென்று ஒரு கூண்டுக்குள் இயங்குபவை. நீங்கள் குழுவில் இருந்தாலும் கூண்டுக்குள் டிரைவ் தெரியாமல் போகலாம். ஸ்னாப்பில் ‘ஆப்டிகல்-டிரைவ்’ என்ற இணைப்பைத் தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கும். என் யோசனை: மெனக்கெடாதீர்கள், அதை நீக்கிவிட்டு, டெபியனின் வழக்கமான நிறுவியான ஏபிடி வழியாக அதே மென்பொருளை நிறுவுங்கள். ஐந்து நிமிடத்தில் முடியும்.

‘டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி’ என்று வந்தால் அது அனுமதிச் சிக்கலே இல்லை. வேறொரு நிரல் டிரைவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பழைய தரவு உள்ள ஆர்டபிள்யூ டிஸ்க்கைப் போட்டால் டெஸ்க்டாப்பே அதை மவுன்ட் செய்துவிடும், அதாவது படிப்பதற்காகத் திறந்து வைத்துக்கொள்ளும். கோப்பு மேலாளரில் அன்மவுன்ட் கொடுங்கள், எஜெக்ட் அல்ல. அப்படியும் விடவில்லையென்றால் ‘ஃப்யூசர் -வி /டெவ்/எஸ்ஆர்0’ அடித்தால் பிடித்திருப்பது யார் என்று தெரியும்.

வோடிம் என்ற, டிஸ்க் எழுதும் பழைய நிரலைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ‘ஆர்லிமிட் மெம்லாக்’ என்றும் ‘ஆர்ஆர் ஷெட்யூலர்’ என்றும் இரண்டு எச்சரிக்கைகள் வரும், கூடவே ‘பர்மிஷன் டினைடு’ என்றும் இருக்கும். பயந்துவிடாதீர்கள். நினைவகத்தைப் பூட்டிக்கொள்ளவும் முன்னுரிமை எடுத்துக்கொள்ளவும் கேட்டது, கிடைக்கவில்லை, அவ்வளவுதான். தரவு வரத் தாமதமானால் நின்று தொடரும் பாதுகாப்பு இன்றைய டிரைவ்களில் இருப்பதால், அந்த எச்சரிக்கையோடேயே டிஸ்க் சரியாக எழுதப்படும். நான் இதைப் பார்த்துத்தான் முதன்முதலில் சூடோ போட்டேன். அங்கிருந்துதான் எல்லாம் சறுக்கியது.

6. எழுதப்போகும் கோப்புகளுக்கும் அனுமதி உண்டு

யாரும் எனக்குச் சொல்லாதது இது. டிரைவைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன், டிஸ்க்குக்குள் போகும் கோப்புகளைப் பார்க்கவே இல்லை. முதல் இரண்டு டிவிடிகள் இப்படித்தான் போயின.

முதலாவது: ஆய்வேட்டு அடைவுக்குள் படங்களைச் சூடோவோடு நகலெடுத்திருந்தேன். அதனால் அவை ரூட் பெயரில், ரூட் மட்டும் படிக்கக்கூடியவையாக இருந்தன. பிறகு சாதாரணக் கணக்கில் ஜெனைசோஇமேஜ் நிரலால் ஐசோ (டிஸ்க்கில் போகவேண்டிய எல்லாம் அடங்கிய ஒரே கோப்பு) தயாரித்தேன். “இந்தக் கோப்பைப் படிக்க முடியவில்லை, விட்டுவிடுகிறேன்” என்று அது ஒரு வரி சொல்லிவிட்டு மேலே போய்விட்டது. திரையில் ஓடிய நூறு வரிகளில் அதை நான் கவனிக்கவில்லை. டிஸ்க் அழகாக எழுதப்பட்டது, நான்காம் இயலின் படங்கள் மட்டும் இல்லை.

இரண்டாவது: சரி, எல்லாவற்றையும் சூடோவோடே செய்வோம் என்று கட்டளையில் பெரிய ஆர் போட்டேன். பெரிய ஆர் என்றால் கோப்பின் உரிமையாளர், அனுமதி எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி டிஸ்க்கில் பதி என்று அர்த்தம். வீட்டில் திறந்தது. துறையின் ஆய்வகத்தில் இருந்த உபுண்டு கணினியில், கோப்புப் பெயர்கள் தெரிந்தன, மேலே ஒரு சின்னப் பூட்டு. எதுவும் திறக்கவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டுப் பயனர் எண்ணுக்கு மட்டுமே படிக்கும் அனுமதி என்று டிஸ்க்கிலேயே பதிந்துவிட்டது. எழுதிய டிஸ்க்கில் சிஎச்மோட் செய்ய முடியாது. விண்டோஸ் இந்த அனுமதிகளைக் கண்டுகொள்வதில்லை, அதனால் அங்கே மட்டும் சோதித்திருந்தால் தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது.

இந்த இரண்டாவது சிக்கலுக்குத் தீர்வு சிறிய ஆர். இது எல்லாக் கோப்புகளையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று மாற்றிப் பதியும். நான் இப்போது பயன்படுத்துவது எக்ஸோரிசோ. எழுத்துக்கூட்டினால் எக்ஸ் ஓ ஆர் ஆர் ஐ எஸ் ஓ. சூடோ இல்லாமல்:

எக்ஸோரிசோ -ஆஸ் எம்கேஐசோஎஃப்எஸ் -ஆர் -ஜே -ஓ ஆய்வேடு.ஐசோ ஆய்வேடு/

‘ஆஸ்’ என்பது ஏஎஸ். ஆர், ஓ சிறிய எழுத்து, ஜே பெரிய எழுத்து. கே3பி வைத்திருப்பவர்கள், கோப்பு அனுமதிகளை அப்படியே வைத்துக்கொள்ளும் தேர்வு டிக் செய்யப்படாமல் இருக்கிறதா என்று கோப்பமைப்பு அமைப்புகளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐசோ தயாரானதும் எழுதிவிடாதீர்கள். கோப்பு மேலாளரில் அதை மவுன்ட் செய்து, ஒவ்வொரு அடைவிலும் எத்தனை கோப்பு என்று மூலத்தோடு எண்ணிப் பாருங்கள். ‘எல்எஸ் -எல்’ அடித்தால் ஒவ்வொரு வரியிலும் ஆர் மூன்று இடங்களில் இருக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை.

7. ஒத்திகை, பிறகு எழுத்து

எக்ஸோரிசோ -டிவைசஸ்

உங்களால் அணுக முடிகிற எழுதும் டிரைவ்களை மட்டும் இது காட்டும். டிரைவின் பெயர், தயாரிப்பாளர் பெயர் வந்தால் வழி திறந்துவிட்டது. காலியாக வந்தால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

முதலில் அந்த 60 ரூபாய் ஆர்டபிள்யூ டிஸ்க்:

எக்ஸோரிசோ -ஆஸ் சிடிரெக்கார்ட் -வி டெவ்=/டெவ்/எஸ்ஆர்0 ஸ்பீட்=4 பிளாங்க்=ஆஸ்_நீடட் ஆய்வேடு.ஐசோ

பிளாங்க் என்பதற்குப் பின்னால் வருவது ‘ஆஸ்’, அடிக்கோடு, ‘நீடட்’. தேவைப்பட்டால் மட்டும் அழித்துவிட்டு எழுது என்று பொருள்.

ஆர்டபிள்யூ வாங்கவில்லையென்றால், சிடி-ஆரிலும் டிவிடி-ஆரிலும் லேசரை எரிக்காமல் ஒத்திகை பார்க்க ‘-டம்மி’ என்று சேர்க்கலாம். டிவிடி+ஆரில் இந்த ஒத்திகை கிடையாது. கடையில் வாங்கும்போது பெயருக்கு நடுவில் இருப்பது கழித்தலா கூட்டலா என்று உறையைத் திருப்பிப் பாருங்கள்.

மூன்றாவது டிவிடி போன கதை இங்கே. மெல்லிய யூஎஸ்பி டிரைவை ஹப்பில் செருகியிருந்தேன். படிக்க அந்த மின்சாரம் போதும், எழுதும்போது லேசருக்குக் கூடுதலாக வேண்டும். 60 சதவீதத்தில் டிரைவ் துண்டித்துக்கொண்டு, மறுபடி இணைந்தது. நான் மறுபடியும் அனுமதிச் சிக்கல்தான் என்று நினைத்து அரை மணி நேரம் யூடெவ் விதிகளை நோண்டினேன். பாதி வேலையில் நின்றால் அது அனுமதியாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. யூஎஸ்பி டிரைவைக் கணினியின் பின்பக்கப் போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள். டிரைவோடு இரட்டைத் தலை கேபிள் கொடுத்திருந்தால் இரண்டையும் செருகுங்கள்.

இன்னொன்று, க்ரோஐசோஎஃப்எஸ் என்ற டிஸ்க் எழுதும் நிரலைச் சூடோவோடு ஓட்டினால் “சூடோவில் ஓட்டுகிறீர்கள், நிறுத்துகிறேன்” என்று அதுவே நின்றுகொள்ளலாம். நல்லதுதான்.

8. கொடுப்பதற்கு முன்

டிஸ்க்கை வெளியே எடுத்து மறுபடி போடுங்கள். அப்போதுதான் கணினி அதைப் புதிதாகப் படிக்கும். பிறகு:

சிஎம்பி ஆய்வேடு.ஐசோ /டெவ்/எஸ்ஆர்0

ஒன்றும் சொல்லாமல் முடிந்தாலோ, ‘ஆய்வேடு.ஐசோ’ கோப்பு முடிந்துவிட்டது என்ற பொருளில் ‘இஓஎஃப்’ செய்தி வந்தாலோ எல்லாம் ஒன்றாக இருக்கிறது. டிஸ்க்கில் கடைசியில் கொஞ்சம் வெற்றிடம் சேர்வதால்தான் அந்தச் செய்தி. ‘டிஃபர்’ என்று வந்தால் அந்த டிஸ்க்கைக் கொடுக்காதீர்கள்.

முடிந்தால் உங்கள் கணக்கு இல்லாத இன்னொரு லினக்ஸ் கணினியில் ஒருமுறை திறந்து பாருங்கள். அடுத்த வீட்டுப் பையனின் மடிக்கணினி போதும்.

மேலே பெயர் எழுத சிடி மார்க்கர் பேனாவைப் பயன்படுத்துங்கள். பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதக் கூடாது, குறிப்பாகச் சிடியில், தரவு இருக்கும் அடுக்கு அந்தப் பெயர்ப் பக்கத்துக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. காகித ஸ்டிக்கரும் வேண்டாம், சுற்றும்போது ஆடும். எத்தனை பிரதி வேண்டும் என்று அலுவலகத்தில் முன்பே கேட்டுவிடுங்கள். எங்களிடம் ஒன்று என்று சொல்லிவிட்டு, கவுன்டரில் நிற்கும்போது இரண்டு கேட்டார்கள். ஐசோ கோப்பை அழிக்காமல் வைத்திருந்ததால், வீட்டுக்கு வந்து இரண்டாவதை எழுதி, மாலைக்குள் கொடுத்துவிட்டு வந்தோம்.